காசுக்கு ஓட்டா? ஆளுக்கு ஓட்டா?

(பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் தோழர்கள் கூட்டிய பகுத்தறிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மை இங்கு அழைத்த வாலிபத் தோழர்கள், பேச வேண்டிய விஷயத்தையும் தாங்களே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கிரிப்டோ நாணயம் என்கிறார்களே, அதில் ஓட்டுப் போடுவது எப்படி, அந்த ஓட்டை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது சரியா, அங்கே கணக்குச் சரிபார்ப்பவர் ஆவதற்கு என்ன யோக்கியதை கேட்கிறார்கள் என்பவைகளைப் பற்றி நாம் பேச வேண்டும் என்பது அவர்கள் ஆசை. சீட்டைப் படித்ததும் நமக்கே சற்று மலைப்பாய்த்தான் இருந்தது. சாமி, சாஸ்திரம், ஜாதி, சடங்கு என்பவைகளைப் பற்றிப் பேச வந்த கூட்டத்துக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தால் வேலை இருக்கிறது என்பது விளங்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்ற பிள்ளைகள் பலர், மாதச் சம்பளத்தில் ஆயிரம் இரண்டாயிரம் எடுத்து, கைப்பேசியிலேயே இந்த நாணயங்களை வாங்கி வைக்கிறார்கள். இலாபம் வரும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிதாய் அவர்களுக்குச் சொல்லப்படுகிற காரணம் வேறொன்று. "இதில் ராஜா இல்லை, மந்திரி இல்லை, பேங்கி இல்லை, இடைத்தரகன் இல்லை, எல்லோருக்கும் பொது, நாணயம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓட்டு உண்டு, நாமே நம்மை ஆண்டுகொள்ளலாம்" என்கிறார்கள். கேட்க நன்றாய்த்தானிருக்கிறது. ஆனால் தோழர்களே! "ஆண்டவன் சந்நிதானத்தில் எல்லோரும் சமம்" என்பதுங்கூடக் கேட்க நன்றாய்த்தானிருந்தது. அப்படிச் சொன்னவன்தான் ஒருவனைக் கர்ப்பக்கிருகத்திலும், ஒருவனை மண்டபத்திலும், ஒருவனை வீதிக்கு வெளியிலும் நிறுத்தினான். ஆகையால் "எல்லோரும் சமம்" என்று யார் சொன்னாலும், வாசற்படியில் என்ன எழுதி வைத்திருக்கிறான், உள்ளே போகிறவனிடம் என்ன கேட்கிறான் என்று பார்ப்பதுதான் பகுத்தறிவுக்காரன் வேலை.

கர்ணமும் கணக்கும்

முதலில் இந்த யந்திரம் என்ன என்பதைப் பார்ப்போம். பழைய காலத்தில் ஊர்க் கணக்கைக் கர்ணம் வைத்திருந்தார். எந்த நிலம் யாருக்குப் பாத்தியம், யார் எவ்வளவு தீர்வை பாக்கி என்பதெல்லாம் அவர் கட்டிலிருந்த காகிதத்தில்தான். அவர் ஒரு கோடு மாற்றிப் போட்டால் உங்கள் நிலம் எதிரி நிலமாகிவிடும். அந்த உத்தியோகமும் தகப்பனுக்குப் பின் பிள்ளை என்று பரம்பரையாய் வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பழைய கிராம உத்தியோகங்களை ஒழித்தது 1980 நவம்பரில்தான். நாடு சுயராஜ்யம் பெற்று முப்பத்து மூன்று ஆண்டு கழித்து!

கிரிப்டோக்காரர் செய்த யுக்தி என்னவென்றால், கணக்குப் புத்தகத்தை ஒரு கர்ணத்தின் கையில் கொடாமல், ஆயிரக்கணக்கான பேர் கையில் ஒரே மாதிரிப் பிரதியாய்க் கொடுத்துவிட்டார்கள். ஒருவன் தன் பிரதியில் திருத்தினால் மற்றவர் பிரதிகள் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். சீட்டுப் பிடிக்கிற பெண்களில் பத்துப் பேரும் ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொண்டால் சீட்டுக்காரி ஏமாற்ற முடியாதல்லவா? அதுபோலத்தான். 2009இல் பிட்காயின் இப்படித்தான் துவங்கிற்று. இந்த யுக்தியை நாம் குறை சொல்லவில்லை. ஒளித்து வைத்த ஏடு எல்லாப் புரட்டுக்கும் தாய். ஏட்டை எல்லோரும் பார்க்கலாம் என்றால் அது நம்முடைய கொள்கைக்குப் பக்கத்தில் வருகிற காரியமே.

ஆனால் இரண்டு கேள்விகள் மிச்சமாகின்றன. ஒன்று, புத்தகத்தின் அடுத்த பக்கத்தை எழுதுகிறவன் யார்? இரண்டு, கணக்கு எழுதுகிற விதியையே மாற்ற வேண்டுமானால் அதைத் தீர்மானிப்பவன் யார்? முதல் வேலை செய்பவனை "வாலிடேட்டர்" என்கிறார்கள். நாம் கணக்குச் சரிபார்ப்பவர் என்று சொல்லிக்கொள்வோம். இரண்டாவது வேலைக்குத்தான் ஓட்டு. இந்த இரண்டையும் ஒன்றாய்க் குழப்புவதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

முப்பத்திரண்டு ஈதர்

பிட்காயினுக்கு அடுத்த பெரிய கணக்கு எதீரியம் என்பது. அதன் நாணயத்துக்கு ஈதர் என்று பெயர். 2022 செப்டம்பர் 15 முதல் அங்கே கணக்குச் சரிபார்ப்பவராக வேண்டுமானால், குறைந்தது 32 ஈதரை முன்பணமாய்க் கட்டிவைக்க வேண்டும். கட்டியவர்களில் ஒருவரைப் பன்னிரண்டு விநாடிக்கு ஒரு முறை குலுக்கல்போலத் தேர்ந்தெடுத்து அடுத்த பக்கத்தை எழுதச் சொல்லுகிறது யந்திரம். எழுதியதை மற்றவர்கள் சரியென்று ஒப்புவார்கள். சரியாய்ச் செய்தால் கூலி உண்டு. ஒரே பக்கத்தை இரண்டு விதமாய் எழுதி ஏமாற்றப் பார்த்தால் கட்டிய முன்பணத்தில் வெட்டு விழும்; ஆளையும் வெளியேற்றிவிடும்.

இந்த 32 ஈதர் என்பது என்ன கிரயம்? விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. அண்மை ஆண்டுகளின் விலையைப் பார்த்தால் ஐம்பது லட்சம், ஒரு கோடி என்ற கணக்கில் போகும். நம் எஸ்டேட் தொழிலாளி அதை எங்கே கட்டுவான்? அவன் தன் ஐயாயிரத்தையோ பத்தாயிரத்தையோ யாரோ ஒரு பெரிய ஸ்தாபனத்திடம் கொடுத்து, "எனக்காக நீயே கட்டு, வருகிற கூலியில் உன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடு" என்று சொல்ல வேண்டியதுதான். அப்படிச் சிறு தொகைகளைச் சேர்த்துக் கட்டுகிற ஏற்பாடுகளில் லீடோ என்கிற ஒன்றின் வழியாகவே ஒரு காலத்தில் மொத்த முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்ந்துவிட்டது. இடைத்தரகன் இல்லை என்று ஆரம்பித்த கதை, தரகனைப் பின்வாசல் வழியாய் அழைத்துவந்து திண்ணையில் உட்கார வைத்ததில் முடிந்தது.

முன்பணம் ஏன் கேட்கிறார்கள் என்பதற்கும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நம் வழக்கமல்ல. அங்கே ஆளை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஒருவனே ஆயிரம் பெயரில் ஆயிரம் கணக்குத் திறந்து கொள்ளலாம். ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் அவன் ஒருவனே ஆயிரம் ஓட்டுப் போட்டுவிடுவான். கள்ள ஓட்டு என்பதை நாம் காணாதவர்களா? பணத்தை மட்டும் அப்படிப் பெருக்க முடியாது; ஆயிரம் பெயரில் பிரித்தாலும் மொத்தம் அதே மொத்தந்தான். அதனால்தான் பணத்தைக் கட்டு என்கிறார்கள். கணக்கு எழுதுகிறவனிடம் ஜாமீன் வாங்குவது, கஜானாக் காசாளனிடம் ஜாமீன் வாங்குவது போன்ற காரியமே. அதுவரையில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

உத்திரமேரூர்ப் பெருமை

இந்த யோக்கியதைக் கணக்கு ஏதோ அமெரிக்காவில் புதிதாய்க் கண்டுபிடித்தது என்று எண்ணாதீர்கள். இதே காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுக்கள் இருக்கின்றன. "உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோம்" என்று மேடைதோறும் பெருமை பேசுகிறார்களே, அந்தக் குடவோலை முறை அதில்தான் எழுதியிருக்கிறது. பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதில் என்ன எழுதியிருக்கிறதென்று முழுதும் சொல்வதில்லை. நாம் சொல்லிவிடுகிறோம்.

ஊர் 30 குடும்புகளாய்ப் பிரிக்கப்பட்டது. வாரியத்தில் இருக்க விரும்புகிறவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். மந்திர பிராமணம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் இருக்கிறது என்றால், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. அதாவது நிலம் குறைந்தால் வேதத்தைக் கொண்டு ஈடுகட்டலாம். நிலமும் இல்லாமல், வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாதென்று தள்ளிவைக்கப்பட்டவன் எதைக் கொண்டு ஈடுகட்டுவது? அந்தச் சபை சதுர்வேதிமங்கலத்துப் பார்ப்பனர் சபை. அந்த வயல்களில் உழுதவனுக்கும், நாற்று நட்ட பெண்ணுக்கும், சேரியில் இருந்தவனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

ஆனாலும் அதில் நல்லதை நல்லதென்றே சொல்லுவோம். தேர்ந்தெடுத்தது ஓட்டினால் அல்ல, குலுக்கலினால். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஒரு முறை இருந்தவன் மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் வரக்கூடாது. எல்லாவற்றையும்விட மேலானது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் தானும் வரக்கூடாது, அவனுடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது என்ற விதி. இந்த ஒரு விதியை இன்றைய கோயில் தர்மகர்த்தா முதல் கம்பெனி டைரக்டர் வரையில் அமுலுக்குக் கொண்டு வந்தால் எத்தனை நாற்காலி காலியாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கால் வேலி நிலம், இங்கே 32 ஈதர். அங்கே குடத்தில் ஓலை, இங்கே யந்திரத்தில் குலுக்கல். அங்கே கணக்குக் காட்டாதவன் தள்ளுபடி, இங்கே ஏமாற்றியவன் முன்பணம் வெட்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்குப் பிறகும் வாசற்படியில் எழுதியிருப்பது அதே எழுத்துத்தான். வேதம் கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்கள், அதுவரையில் முன்னேற்றமே.

வரி கட்டினவனுக்கே ஓட்டு

வெள்ளைக்காரன் காலத்திலும் இதுவேதான் நடந்தது. 1919ஆம் வருஷத்துச் சட்டப்படி 1920இல் சென்னை மாகாணத்தில் முதல் தேர்தல் நடந்தபோது, நிலவரியோ வீட்டு வரியோ ஒரு அளவுக்கு மேல் கட்டுகிறவனுக்குத்தான் பெரும்பாலும் ஓட்டு. மாகாணத்தில் சுமார் நாலு கோடிப் பேர். ஓட்டர்களோ சுமார் 12 லட்சந்தான். பெண்களுக்கு அதுவும் இல்லை. 1921இல் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியில் சட்டசபையில் தீர்மானம் செய்து பெண்ணுக்கும் ஓட்டு என்று ஆக்கினார்கள். ஆனால் சொத்து யோக்கியதை போகவில்லை. இருபத்தோரு வயதான ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டு என்று வந்து, கூலிக்காரனும் மிராசுதாரனும் ஒரே வரிசையில் நின்று, ஒரே அளவு ஓட்டைப் பெட்டியில் போட்டது 1952 தேர்தலில்தான்.

சொத்தில்லாதவனுக்கு ஓட்டுக் கொடுத்தால் நாடு பாழாகும் என்று அன்று சொன்னார்கள். இன்று அந்தப் பேச்சைப் பகிரங்கமாய்ப் பேச எந்த அரசியல்வாதிக்கும் தைரியமில்லை. இப்படிப் போராடிப் புதைத்த ஒரு பேயை, புதிய யந்திரத்துக்குள் வைத்து "எதிர்காலம்" என்று பெயரிட்டு வாலிபர்களிடம் விற்கிறார்கள் என்பதுதான் நம்முடைய குற்றச்சாட்டு. ஏனென்றால், இந்தக் கிரிப்டோ ஸ்தாபனங்களில் பெரும்பாலானவற்றில் விதியை மாற்றும் ஓட்டும் ஆளுக்கு இல்லை, காசுக்குத்தான். ஒரு காசுக்கு ஒரு ஓட்டு. ஆயிரங்காசு வைத்திருப்பவன் ஆயிரம் மனிதன். பத்துக்காசு வைத்திருப்பவன் பத்து மனிதன். காசில்லாதவன் மனிதனே அல்ல.

கம்பெனியிலும் பங்குக்குத்தானே ஓட்டு என்று ஒரு தோழர் கேட்கிறார். வாஸ்தவந்தான். ஆனால் கம்பெனிக்காரன் தன்னைக் கம்பெனி என்றுதான் சொல்லிக்கொள்கிறான்; ஜனநாயகம் என்று போர்டு போட்டுக்கொள்வதில்லை. ஆளுக்கு ஒரு ஓட்டு என்று பணக் காரியத்தை நடத்தவே முடியாது என்பதும் பொய். இதே திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள திரூரில் 1904இலேயே விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் சங்கம் ஏற்பட்டது. கூட்டுறவின் கொள்கை, ஒருவன் எத்தனை பங்கு வாங்கினாலும் ஓட்டு ஒன்றே என்பதுதான். கூட்டுறவில் ஊழலே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் அங்கே ஊழல் செய்தவனைப் பார்த்து "நீயும் ஒரு ஓட்டு, நானும் ஒரு ஓட்டு" என்று எழுந்து நின்று கேட்க ஏழைக்கு வாயிருக்கிறது.

பவர் எழுதிக் கொடுப்பது

இனி, ஓட்டை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் விஷயம். இதை விளக்க நமக்குக் கஷ்டமில்லை. பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கி விற்ற எவருக்கும் "பவர்" என்றால் என்னவென்று தெரியும். நிலம் உங்களுடையது, கையெழுத்து அவனுடையது. நம்பிக்கையான ஆளாயிருந்தால் சௌகரியம். இல்லாவிட்டால் நீங்கள் கோர்ட்டுப் படிக்கட்டில், அவன் காரில்.

கிரிப்டோவில் ஒவ்வொரு விதி மாற்றத்தையும் படித்துப் புரிந்துகொள்வது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. ஆகவே விஷயம் தெரிந்த ஒருவரிடம் ஓட்டை ஒப்புவிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். யூனிஸ்வாப் என்கிற ஸ்தாபனத்தில் இது எவ்வளவு தூரம் போயிற்றென்றால், உங்கள் ஓட்டை நீங்களே போடுவதானாலும், முதலில் அதை உங்களுக்கே ஒப்புவித்துப் பதிவு செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் செல்லாது! அங்கே துவக்கத்தில் மொத்தம் 100 கோடி நாணயம் இருந்தது. ஒரு தீர்மானம் நிறைவேற ஆதரவாய்க் குறைந்தது 4 கோடி ஓட்டு வேண்டும். எதிர்ப்பு அதைவிடக் குறைவாயிருந்தால், அந்தத் துவக்கக் கணக்குப்படி நூற்றில் நான்கு பங்கு போதும், மற்ற தொண்ணூற்றாறு பங்கும் தூங்கினாலும் விதி மாறிவிடும்.

இதிலும் ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும. ஒப்புவித்த ஓட்டை அங்கே எந்த நிமிஷமும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பிரதிநிதி எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டான் என்பதும் புத்தகத்தில் பகிரங்கமாய்த் தெரியும். நாம் அனுப்புகிற சட்டசபை மெம்பரை ஐந்து வருஷத்துக்கு அசைக்க முடியாது. அந்தவகையில் அவர்கள் ஏற்பாடு மேலானது. ஆனால் திருப்பி வாங்கும் உரிமை இருந்து என்ன பயன்? ஒப்புவித்தவன் மறந்துவிடுகிறான். "அவர் பெரிய அறிவாளி, அவருக்குத் தெரியாததா" என்கிறான். இது எங்கேயோ கேட்ட சொல்லாயிருக்கிறதல்லவா? குருவிடம் சரணாகதி அடைந்த சீடன் பேச்சே இது. காஷாயம் கட்டியவனிடம் புத்தியை அடகு வைத்தாலென்ன, கம்ப்யூட்டர் தெரிந்தவனிடம் அடகு வைத்தாலென்ன? அடகு அடகுதான்.

வேறு விதப் பிரதிநிதியும் உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற மதுரை ஜில்லா ஊர்களில், தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் பத்து வருஷம் ஆதிக்க ஜாதியார் தேர்தலை நடக்கவிடவில்லை; நடந்தபோதும் தங்கள் சொற்படி ஒருவரை நிறுத்தி, ஜெயித்தவுடன் ராஜிநாமா செய்யவைத்தார்கள். 2006இல்தான் அது மாறிற்று. பெண் தலைவராயிருக்கும் எத்தனை பஞ்சாயத்தில் புருஷன் நாற்காலியில் உட்காருகிறான் என்பதும் உங்களுக்குத் தெரியும். பெயர் ஒருவருடையது, ஓட்டு இன்னொருவருடையது. இந்த வியாதி யந்திரத்தோடு பிறந்ததல்ல, நம்மோடு வந்ததே.

சாட்சிகள் விழுந்த கதை

வெறும் பயமுறுத்தலாய் எண்ணாதபடி நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். 2016இல் துவங்கிய ஸ்டீம் என்கிற கணக்கில், ஓட்டினால் முதலிடம் பெற்ற 20 பேர்தான் கணக்கை நடத்துபவர்கள். அவர்களுக்குச் "சாட்சிகள்" என்றே பெயர். அந்த நாணயத்தில் ஒரு பெரும் பங்கு, அதைத் துவக்கிய கம்பெனியிடம் இருந்தது. அந்தப் பங்கைக்கொண்டு ஓட்டுப் போடுவதில்லை என்று கம்பெனி சொல்லியிருந்தது. 2020 பிப்ரவரியில் ஜஸ்டின் சன் என்கிற பணக்காரர் அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டார். பயந்துபோன சாட்சிகள் விதியை மாற்றி அவருடைய பங்கை முடக்கினார்கள்.

2020 மார்ச் 2ஆம் தேதி, பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் என்ற நாணய மாற்றுக் கடைகளின் கணக்குகளிலிருந்து ஓட்டுக்கள் விழுந்தன. அந்தக் கடைகளில் இருந்த காசு யாருடையது? பத்திரமாயிருக்கட்டும் என்று ஜனங்கள் கொடுத்து வைத்தது. வைத்தவர்களைக் கேட்கவில்லை. அவர்கள் காசைக் கொண்டே, அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த இருபது சாட்சிகளையும் கீழே தள்ளிப் புதிய இருபது பேரை ஏற்றிவிட்டார்கள். ஓட்டுக்காகப் பூட்டிய அந்தக் காசு முழுதும் விடுபடப் பதின்மூன்று வாரம் ஆகும் என்பதும் விதி. பிறகு கூச்சல் கிளம்பவே, பைனான்ஸும் ஹுவோபியும் தங்கள் ஓட்டைத் திருப்பிக்கொண்டன. ஆனால் விரிசல் விரிசல்தான். மார்ச் 20ஆம் தேதி ஒரு கூட்டத்தார் பிரிந்துபோய் ஹைவ் என்று தனிக்கணக்குத் துவங்கினார்கள். இருந்தவர்கள் மே மாதத்தில் விதியை மாற்றி, பிரிந்தவர்களின் காசில் சுமார் 2 கோடியே 36 லட்சம் ஸ்டீமைப் பறிக்கத் தீர்மானித்தார்கள்.

இதில் யாரை நல்லவர் என்பது? முதலில் இருபது பேர் கூடி ஒருவன் சொத்தை முடக்கினார்கள்; பிறகு ஒருவன் பிறத்தியார் காசால் இருபது பேரைத் தள்ளினான்; பிறகு வந்தவர்கள் எதிரிகள் சொத்தில் கைவைத்தார்கள். கோயில் நிலத்தைச் சாமி பேரில் வைத்துக்கொண்டு தர்மகர்த்தா தன் நிலம்போல் ஆண்டு அனுபவித்த கதையை நாம் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறோம்! சாமியும் கேட்கவில்லை, பக்தனும் கேட்கவில்லை. இங்கே சாமிக்குப் பதில் சாப்ட்வேர்.

இன்னொன்று. 2022 ஏப்ரல் 17ஆம் தேதி பீன்ஸ்டாக் என்ற ஸ்தாபனத்தில், ஒருவன் முதல் நாளே ஒரு தீர்மானத்தைக் கொடுத்து வைத்துவிட்டு, மறுநாள் சுமார் 100 கோடி டாலரைக் கணநேரக் கடனாய் வாங்கி, அதைக்கொண்டு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டைச் சேர்த்து, தன் தீர்மானத்தைத் தானே நிறைவேற்றி, கஜானாவைக் காலிசெய்து, அதே கணத்தில் கடனையும் திருப்பிவிட்டான். ஸ்தாபனத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் 18 கோடி டாலர். பூட்டை உடைக்கவில்லை, விதியின்படி ஓட்டுப் போட்டுத்தான் எடுத்தான். காசுக்கு ஓட்டு என்றால் கடன் வாங்கிய காசுக்கும் ஓட்டுத்தானே!

சென்னைத் தீர்ப்பு

நம் ஊருக்கே வருவோம். 2024 ஜூலை 18ஆம் தேதி வஸீர்எக்ஸ் என்ற இந்திய நாணய மாற்றுக் கடையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவு போயின. எல்லோர் கணக்கையும் முடக்கினார்கள். களவு போகாத வேறு நாணயம் வைத்திருந்தவரும் நஷ்டத்தில் பங்கேற்க வேண்டும் என்றார்கள். சென்னையிலிருந்து ஒரு பெண்மணி சென்னை உயர்நீதிமன்றம் போனார். அவர் வைத்திருந்தது இரண்டு லட்சத்துக்கும் சற்றுக் குறைவான முதலுக்கு வாங்கிய சுமார் மூவாயிரத்து ஐந்நூறு எக்ஸ்ஆர்பி நாணயம். 2025 அக்டோபர் 25ஆம் தேதி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், கிரிப்டோ நாணயம் என்பது கண்ணால் காணும் பொருளல்ல, செலாவணிப் பணமுமல்ல, ஆயினும் அது சொத்து. அதை உடைமையாய் அனுபவிக்கலாம், ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கவும் கூடும் என்று சொல்லி, அவருடைய நாணயத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார்.

சுருங்கச் சொன்னால், காவலுக்கு வைத்த பொருளுக்குக் காவற்காரன் எஜமான் ஆகமாட்டான் என்பது இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். ஆனால் கவனியுங்கள்! "நீதிமன்றமும் வேண்டாம், சர்க்காரும் வேண்டாம், யந்திரமே நீதி" என்றவர்கள் ஏற்பாட்டில் நஷ்டப்பட்டவர், கடைசியில் மனிதன் ஏற்படுத்திய நீதிமன்றத்தைத்தான் தேடிப் போக வேண்டியிருந்தது. சர்க்கார் 2022 ஏப்ரல் முதல் இந்த லாபத்துக்கு நூற்றுக்கு முப்பது வரி வாங்குகிறது. வரி வாங்குவதால் உங்கள் முதலுக்கு உத்தரவாதம் கொடுத்ததாய் எண்ணிவிடாதீர்கள். சாராயத்துக்கும் வரி உண்டு.

என்ன செய்யலாம்?

ஆகவே இது முழுதும் மோசம், தொடாதே என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கடல் தாண்டினால் பாவம் என்ற கூட்டத்தில் நாமும் சேர்ந்தவர்களாவோம். கணக்கு எழுதுகிற வேலைக்கு ஜாமீன் கேட்கட்டும், அது நியாயம். ஆனால் எல்லோருடைய வாழ்வையும் கட்டுப்படுத்துகிற விதியைத் தீர்மானிப்பதற்கு ஜாமீன் கேட்பது அநியாயம். காசாளன் ஜாமீன் கட்டியதற்காகக் கஜானாவின் சட்டத்தையே அவன் எழுதலாம் என்று எவரும் ஒப்பமாட்டோம். முதலில் சொன்ன குழப்பம் இதுதான்.

அப்படியானால் கள்ளப் பெயருக்கு என்ன பரிகாரம் என்று கேட்பீர்கள். ஆளை அடையாளம் காண வேண்டும். அடையாளம் காண ஒரு ஜாபிதா வேண்டும். ஜாபிதா எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை யார் கண்காணிப்பது என்ற கேள்வி மறுபடியும் வரும். சுலபமான வழி இருப்பதாய் நாம் ஏமாற்றிப் பேச மாட்டோம். ஆனால் நாட்டுக்கு ஓட்டர் ஜாபிதா தயாரிப்பதும் ஒரு காலத்தில் முடியாத காரியம் என்றுதான் சொன்னார்கள். எழுத்தறியாத கோடிக்கணக்கான ஜனங்களைக் கொண்டு, வீடு வீடாய்ப் போய் எழுதித்தான் முடித்தார்கள். கஷ்டமான காரியம் என்பதற்காக அநீதியான காரியத்தை நியாயம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

வாலிபர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இவ்வளவுதான். எந்த ஸ்தாபனத்தில் காசு போடுமுன்பும், அங்கே ஓட்டு ஆளுக்கா காசுக்கா என்று கேளுங்கள். மொத்தக் காசில் பாதி எத்தனை பேர் கையில் இருக்கிறதென்று கேளுங்கள். உங்கள் நாணயத்தைக் காவலுக்கு வைத்திருப்பவன் அதைக்கொண்டு ஓட்டுப் போடுகிறானா என்று கேளுங்கள். ஓட்டை ஒருவரிடம் ஒப்புவித்தால், அவர் எதற்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று மாதம் ஒரு முறையாவது பாருங்கள். பிடிக்காவிட்டால் அன்றே திருப்பி வாங்குங்கள். இவைகளுக்கு நேரான பதில் சொல்லாதவன் எவ்வளவு பெரிய இங்கிலீஷில் பேசினாலும், அவனும் புரியாத மந்திரம் சொல்லித் தட்சணை வாங்குகிறவனும் ஒன்றே.

கடைசியாக ஒன்று. முகந்தெரியாத ஸ்தாபனத்தில் ஓட்டுரிமை கேட்டு இரவெல்லாம் கைப்பேசியோடு விழித்திருக்கும் தோழர்களில் எத்தனை பேர் கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள்? அங்கே 32 ஈதர் கேட்கவில்லை, கால் வேலி நிலம் கேட்கவில்லை, வேதம் கேட்கவில்லை. ஊர் ஓட்டர் ஜாபிதாவில் பெயர் இருந்தால் போதும், எழுந்து நின்று வரவுசெலவைக் கேட்கலாம். எத்தனையோ பேர் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த அந்த நாற்காலி காலியாய்க் கிடக்கிறது. காலியாய்க் கிடக்கும் நாற்காலியில் யார் உட்காருவான் என்பதை உத்திரமேரூரிலிருந்து ஸ்டீம் வரையில் பார்த்தோம்.

 நாம் சொன்னதையும் ஒப்புவித்த ஓட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் உங்கள் சொந்தப் புத்தியில் வைத்துப் பாருங்கள். சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு, தப்பென்று பட்டதை அடுத்த கூட்டத்தில் நம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதற்கு யாதொரு யோக்கியதையும் நாம் கேட்பதில்லை.